மடிப்புக்கு அந்தப் பக்கம்

திருப்பூர் வரைக்குமாம்மா போறீங்க? நல்லதாப் போச்சு, நாங்களும் அங்கதான். இந்தப் பையை மட்டும் உங்க காலுக்கிட்ட வச்சுக்கிறேன். மேல போட்டா முறுக்கு நொறுங்கிரும். உள்ள லேமினேசன் பண்ணின மேப் ஒண்ணு இருக்கு, அதுவும் மடங்கிறக் கூடாது. இவளைப் பத்திக் கவலைப்படாதீங்க, இப்பத் தூங்கிருவா. பஸ்ஸுன்னா இவளுக்குத் தொட்டில். பேரு தன்ஷிகா. நான் வைக்கலை, இவ அப்பா நெட்ல பார்த்து வச்சாரு. எங்க மாமனாருக்கு வாயில நுழையாம தனுசுன்னு கூப்பிடுவாக.

சொந்தக்காரங்க வீட்டுக்கான்னு கேட்டா, சொந்தமில்லை. பக்கத்து வீடு. இப்ப பக்கத்து வீடும் இல்லை. ராக்கு அக்கான்னு பேரு. இவளுக்குத் தை மாசம் காதுகுத்து வச்சிருக்கோம், நேர்ல போய் வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும்ல? போன்ல சொன்னா மரியாதையா இருக்காது. போன்ல சொல்லவும் முடியலை, அது வேற.

எங்க ஊரு கொன்னக்குளம், மானாமதுரைப் பக்கம். நான் அங்க கட்டிக்கிட்டு வந்தவ. எனக்கு அம்மா சின்ன வயசுலயே தவறிட்டாக. இவரு வீட்டுலயும் மாமியார் இல்லை. இவ பிறந்தது ஆப்பரேசன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு வாசல்ல வெந்நீர் அண்டாவை இறக்கி வச்சுட்டு நின்னது ராக்கு அக்காதான். காலை நீட்டி உட்கார்ந்து, இவளைக் கால்மேல போட்டு, மூக்கைப் பிடிச்சு விட்டு, தலையை உருட்டி விட்டு, சாம்பிராணி போட்டுத் தூங்க வைக்கிற வரைக்கும் எல்லாம் அவுக. பிறகு நான் கடை போட்டேன். விலக்கு ரோட்டுல ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேசன், ஆதார்ல திருத்தம் எல்லாம் நம்ம கடைதான். பகல் பூரா இவ அவுக வீட்டுலதான் கிடப்பா. இவ முதல்ல சொன்னது அம்மா இல்லைம்மா. ராக்கம்மான்னா. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், சிரிச்சுக்கிட்டேன்.

அவுக வீடு ரெண்டு அறை, மேல ஆஸ்பெட்டாஸ். பட்டா கிடையாது, புறம்போக்கு. ஆனா நல்ல மேடு. ஐப்பசியில அடைமழை பிடிச்சா எங்க தெருவே தண்ணியில நிக்கும். நாங்க எல்லாரும் அரிசி மூட்டையைத் தூக்கிக்கிட்டு அவுக வீட்டுலதான் போய் உட்காருவோம். அங்க ஒரு சொட்டு ஏறாது. வரக்காப்பி போட்டுக்கொடுத்து, உங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் என் வாசலுக்குக் கீழ ஊர்வலம் போகுதுடின்னு கேலி பேசுவாக. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்.

மேப் விசயத்துக்கு வர்றேன். அதைத்தானே கேட்டீங்க.

எங்க கண்மாய் நிறையவே மாட்டேங்குதும்மா. மழை பெய்யத்தான் செய்யுது, தண்ணி கண்மாய்க்கு வராம வேற எங்கேயோ போயிருது. அந்தக் காலத்துல மேற்கே இருந்து ஒரு வரத்துக்கால் இருந்துச்சும்பாக, கண்மாய்க்குத் தண்ணி கொண்டாந்து சேர்க்கிற வாய்க்கால். அது எந்த வழியா வந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு திசையில கை காட்டுறாக. இப்ப இருக்கிற மேப்புல அப்படி ஒண்ணே இல்லை. தாலுகா ஆபீஸ்ல போய்க் கேட்டதுக்கு, பழைய மேப்பெல்லாம் கரையான் அரிச்சுப்போச்சு, உங்ககிட்ட இருந்தா கொண்டாங்கன்னுட்டாக.

எங்ககிட்ட எங்க இருக்கும்? இருந்தாலும் நான் விடலை. ஊருல கம்ப்யூட்டர் தெரிஞ்சவ நான் ஒருத்தி, எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்க்கிறாக. பழைய கணக்குப்பிள்ளை பேரன் பரமக்குடியில இருக்காருன்னு சொன்னாக. இவளை இடுப்புல தூக்கிக்கிட்டே போனேன். டிரங்குப் பெட்டியை இறக்கினாரு, உள்ள பூரா யாருடையதோ ஜாதகம். சிவகங்கையில ஒரு கான்ட்ராக்டர் வீட்டுல இருக்கும்னாக, அவரு கோயிலுக்கு நன்கொடை எழுதி வாங்க வந்தவன்னு நினைச்சு என்னைத் திண்டாட வச்சுட்டாரு. விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் எங்க பூசாரி ஆதார்ல பிறந்த தேதி மாத்தணும்னு கடைக்கு வந்தாரு. பேச்சு வாக்குல, என்னத்தா ரொம்ப அலையுறியாமே, கோடு போட்ட துணி ஒண்ணு சாமி பெட்டிக்குள்ள கிடக்கு, அதான் இதோ என்னமோன்னாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அவரு பிறந்த தேதியைத் தப்பா அடிச்சிருக்கணும்.

சாமி பெட்டின்னா எங்க கோயில் பெட்டி. வருசத்துல ஒரு தடவை, மாசிக் களரித் திருவிழா அன்னைக்குத்தான் திறப்பாக. உள்ள சாமியோட நகை, அரிவாள், துணிமணி. அந்தக் கோடு போட்ட துணி ஜமீன் காலத்துல யாரோ சாமிகிட்ட ஒப்படைச்சதாம். அது என்ன ஏதுன்னு ஒருத்தரும் படிச்சதில்லை. சாமி துணி, அம்புட்டுதான். வருசா வருசம் விரிச்சு, சந்தனம் வச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, ரெண்டா மடிச்சு மறுபடி வச்சிருவாக. வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. பெட்டிக்கு முன்னால ஏத்தின சூடம் அணையுறதுக்குள்ள மடிச்சு வச்சிரணும். பொம்பளைங்க பக்கத்துல போகவே கூடாது.

அதனால நான் என்ன பண்ணேன், கயிறு கட்டுன இடத்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டேன். என் கொழுந்தன் முனீஸ்தான் போன்ல படம் பிடிச்சான். நிழல் விழுது தள்ளு, நேரா பிடி, அந்த மூலையை எடுன்னு இங்க இருந்தே நான் கத்த, பூசாரி என்னை முறைக்க, சூடம் அணையப் போகுதுன்னு ஒருத்தர் பதற, சாமியே சிரிச்சிருக்கும். நான் அந்தத் துணியைக் கண்ணால பார்த்தது கயித்துக்கு இந்தப் பக்கம் இருந்துதான். தொட்டதில்லை.

படமெல்லாம் தனித்தனித் துண்டா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஒட்டுப்போட்டேன். துணி பழுத்துப்போய், மஞ்சளும் சந்தனமுமா திட்டுத் திட்டாக் கிடக்கு, கோடே கண்ணுக்குத் தெரியலை. நான் யோசிச்சேன். கலரை எடுத்துட்டு கறுப்பு வெள்ளையா மாத்தினேன். அவ்வளவுதாம்மா, பளிச்சுன்னு வந்திருச்சு. கண்மாய் தெரியுது, கோயில் தெரியுது, பழைய வண்டிப்பாதை தெரியுது. எல்லாத்துக்கும் மேல அந்த வரத்துக்கால் தெரியுது. அதுவரைக்கும் கலர்ல தெரியவே இல்லை, கறுப்பு வெள்ளையில மேற்கே இருந்து நல்லா தடிமனா, ஒரு வளைவு வளைஞ்சு, கண்மாய் பக்கமா வருது. நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன். பக்கத்துல தூங்கிட்டிருந்த இவளை எழுப்பி, பாருடி வாய்க்காலுன்னேன். இவ அழுதா.

இப்ப உள்ள மேப் மேல வச்சுப் பார்த்தா, அந்தக் கோடு அப்படியே ராக்கு அக்கா வீட்டு மேல போச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

ஒரு வேடிக்கை என்னன்னா, மடிப்புக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சும்மா. அதே தடிமன், அதே வளைவு, கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பி நிக்குது. அந்தக் காலத்து ஆளுக அழகுக்கு ரெண்டு பக்கமும் போட்டிருப்பாக போல. அது எங்க மாமனார் தென்னந்தோப்பு நடுவுல போகுது. அங்க ஏது வாய்க்கால்? மாமனாரோட தாத்தா வச்ச தோப்பு அது. அதனால அதை எடுத்துட்டேன். இந்தப் பக்கத்துக் கோட்டு மேலதான் மவுஸை வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா வரைஞ்சு, நீலக் கலர் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு அம்சமா இருந்துச்சு.

சித்திரையில ஊர்க்கூட்டம் போட்டாக. பள்ளிக்கூடத்துல இருந்து பெரிய டிவியைத் தூக்கிட்டு வந்து அதுல காட்டினேன். எனக்குப் பேசவே வராது, அன்னைக்கு எப்படிப் பேசினேனோ. இளைஞர் மன்றத்துப் பையனுக விசில் அடிச்சானுக. ஜேசிபி பிடிச்சு நாமளே தோண்டிருவோம், கவர்மெண்டை எதிர்பார்க்க வேணாம்னு முடிவாச்சு.

அப்ப ராக்கு அக்கா எந்திரிச்சாக. கூட்டத்துல பேசுற ஆள் இல்லை அவுக. அது வாய்க்கால் இல்லைய்யான்னாக. அவுக வீட்டுக்காரர் சோணை அண்ணன்தான் ரொம்ப வருசம் அந்தப் பெட்டியைத் தலையில தூக்குனவரு, கொரோனாவுல போயிட்டாரு. இவுக மகன் பிறந்த வருசம் ஈரக் கல்லுல கால் வழுக்கி, மஞ்சத்தண்ணிச் செம்பு பெட்டிக்குள்ள கவுந்திருச்சாம். மடிச்சு வச்சிருந்த துணியில நீளமா ஊறிப்போச்சாம். அதுக்கு ஊருல அபராதம் போட்டு, அவரு சாமி முன்னால விழுந்து கும்பிட்டாராம். அந்தக் கறைதான் இது, என் புருசன் வந்து புலம்புனது எனக்குத் தெரியாதான்னு கேட்டாக.

எல்லாரும் எங்க மாமனாரைப் பார்த்தாக. அந்த வருசம் அவுகதான் கோயில் பொறுப்புல இருந்தாக. மாமனார் துண்டை மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டே, அப்படி ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்லையேன்னாக. எங்க மாமனார் பொய் சொல்ல மாட்டாகம்மா. வயசாச்சு, மறந்திருக்கும். அதுவும் போக, வீடு போகப் போகுதுன்னா யாராயிருந்தாலும் எதையாவது சொல்லத்தானே செய்வாக. நான் அவுகளைத் தப்பாவே நினைக்கலை.

மறுநாள் கடைக்கு வந்தாக. இவளுக்குத் தலை பின்னி, பூ வச்சுக் கூட்டிட்டு வந்தாக. கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து நின்னுட்டு, மெதுவாக் கேட்டாக.

"ஜோதி, நீ வரைஞ்சதுதானே. நீயே அழிச்சிரேன்."

"நான் எங்கக்கா வரைஞ்சேன்? இருந்ததைத்தான் எடுத்தேன்."

"மடிப்புக்கு அந்தப் பக்கமும் ஒண்ணு இருந்துச்சாமே. முனீஸ் சொன்னான். அதை அழிச்சேல்ல?"

அது வேற, இது வேறக்கான்னேன். ஊருக்குக் காட்டுன பிறகு எப்படி அழிக்கிறது? சாமி பெட்டியில இருந்ததை நான் மாத்தலாமா? அவுக இவ கன்னத்துல ஒட்டியிருந்த சோத்துப் பருக்கையை முந்தானையால துடைச்சு விட்டாக. சாயங்காலம் பால் குடிக்க மாட்டேன்னு அடம் பிடிப்பா, கொஞ்சம் ஆத்திக் கொடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாக.

ஊருல அவுகளுக்கு எந்தக் குறையும் வைக்கலைம்மா, அதையும் சொல்லணும். பையனுகளே மேல இருந்த ஷீட்டை ஒவ்வொண்ணா உடையாம இறக்கிக் கொடுத்தானுக. கதவு, ஜன்னல், அம்மி, எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரரு லோடு வண்டியிலதான் ஏத்துனோம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற மகன்கிட்ட போறாக. அவ்வளவு தூரம், டீசல் காசு கூட வாங்கலை. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட வாங்கலாமா? வண்டியில ஏறுறப்போ இவளைத் தூக்கலை. இடுப்பு வலிக்குதுன்னாக. இவ கையை நீட்டிக்கிட்டே நின்னா. வண்டி விலக்கு ரோடு திரும்புற வரைக்கும் நீட்டுன கையை இறக்கலை.

ஆனியில தோண்டினாக. அவுக வீடு இருந்த இடத்துல சுக்கான் பாறையா வந்துச்சு, வாளிப் பல்லு போயிரும்னு ஜேசிபிக்காரன் ஒரே சலிப்பு. ஒருவழியாத் தோண்டி முடிச்சு, கோயில் வாசல்ல மேப்பைப் பெருசா பிளக்ஸ் அடிச்சு வச்சாக. கீழ என் பேரு. டிஜிட்டல் உதவி, எஸ். நாகஜோதின்னு. எனக்குப் பொன்னாடை போத்துனாக. வீட்டுல மாட்டி வச்சிருக்கேன், பிரிக்கவே இல்லை.

ஐப்பசியில மழை வந்துச்சு. நல்ல மழை. ஊரே குடையைப் பிடிச்சுக்கிட்டு வாய்க்கால் கரையில போய் நின்னோம். தண்ணி வரலைம்மா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி எப்பவும் போற வழியிலதான் போச்சு. புதுசாத் தோண்டுனதுல அங்கங்க குட்டை மாதிரி தேங்கி நின்னுச்சு, இப்ப கொசுதான். எல்லாம் அந்த ஜேசிபிக்காரனைச் சொல்லணும். மட்டம் பார்க்கத் தெரியாதவன். மேட்டுல போய்த் தோண்டினா தண்ணி எப்படி ஏறும், சொல்லுங்க.

அந்த மழையில எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அரிசி மூட்டையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு இவரு வாசல்ல நிக்கிறாரு. எங்க போகன்னு என்னைக் கேட்கிறாரு. பழக்கதோசத்துல ராக்கு அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டில் மேல வச்சுட்டு அது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தோம்.

இவதான் கொஞ்சம் படுத்துறா. சரியாச் சாப்பிடுறதில்லை. கொஞ்ச நேரம் காணோம்னா அந்தப் பள்ளத்துக்கிட்டதான் நிப்பா. குனிஞ்சு உள்ள பார்த்து ராக்கம்மா, ராக்கம்மான்னு கூப்பிடுறா. கீழ இருக்காகன்னு நினைச்சுக்கிட்டா போல. அங்க ராக்கம்மா இல்லைடின்னா, அப்ப ஏன் தோண்டுனீங்கங்கிறா. பிள்ளைக கேக்குற கேள்வி. காய்ச்சல் வந்து டாக்டர்கிட்ட காட்டினேன், பூச்சி மருந்து கொடுத்தாரு.

காதுகுத்துக்கும் அதே அடம். முன்னாடி ஒரு நாள் ராக்கு அக்கா சொல்லியிருக்காக, ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் உன் கண்ணைப் பொத்திக்குவேன், உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு. அதைப் பிடிச்சுக்கிட்டா. ராக்கம்மா கண்ணைப் பொத்தினாத்தான் காதைக் கொடுப்பாளாம். மாமன் மடியில உட்கார வச்சு நான் பொத்துறேன்டின்னா, உன் கை வேணாம்கிறா. எப்படிப் பேசுது பாருங்க.

அதான் கிளம்பிட்டேன். பத்திரிகை இருக்கு, அவுகளுக்குப் பிடிச்ச கைமுறுக்கு இருக்கு. அப்புறம் இந்த மேப். இருங்க, காட்டுறேன், வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. நம்ம ஊரு ஞாபகமா அவுக வீட்டுச் சுவத்துல மாட்டிக்கட்டும்னு சின்னதா எடுத்தேன். இது கோயில். இது கண்மாய். இது எங்க வீடு. பக்கத்துல சிவப்பா ரெண்டு அறை போட்டிருக்கேன் பாருங்க, அதுதான் அவுக வீடு. வாசல்ல அந்த முருங்கையும் வச்சிருக்கேன். சாமி துணியில இது இல்லை, நானா வரைஞ்சது. இதுல நீலக் கோடு கிடையாது. எடுத்துட்டேன். அவுகளுக்குன்னு எடுக்கிறதுல அது எதுக்கு? அதுமேல வச்சு ஒரு அமுக்கு அமுக்கினேன், போயிருச்சு. ஒண்ணும் கஷ்டமா இல்லை.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு ஆள் ரேசன் கார்டு ஜெராக்ஸ்னு வந்துட்டாரு.

வீடு எங்கன்னா கேட்டீங்க? திருப்பூர்ல எந்தப் பக்கம்னு சரியாத் தெரியாதும்மா. இவரு சாமானை இறக்குனது பழைய வீடு, அங்க இருந்து மாறிட்டாகளாம். எங்க போனாகன்னு அங்க உள்ளவங்களுக்குத் தெரியலை. அவுக போன் நம்பர் இருக்கு, நான் அடிச்சா ஒரு ரிங்குல கட்டாயிருது. ரொம்ப நாளாவே அப்படித்தான். டவர் கிடைக்காத இடமா இருக்கும். இவரு போன்ல இருந்து அடிச்சாலும் அதே மாதிரிதான். முனீஸ் போன்லயும்.

தாராபுரம் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு.

அம்மா, ஒரு உதவி. உங்க போன்ல இருந்து ஒரே ஒரு தடவை அவுக நம்பருக்கு அடிச்சுத் தர்றீங்களா? புது நம்பரா இருந்தா எடுப்பாக. நீங்களே பேசுங்க, எங்கிட்ட கொடுக்க வேணாம். ஜோதின்னு சொல்லாதீங்க. தன்ஷிகா பஸ்ல வந்துக்கிட்டு இருக்கா, தூங்குறான்னு சொல்லுங்க. எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா.